பத்து நிமிடத் தியானம்: தனியாகவா, செயலியோடா, மாலையோடா, வகுப்பிலா?

எப்படித் தியானம் செய்வது என்ற கிட்டத்தட்ட ஒரே கேள்வியைப் போன சில மாதங்களில் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். பம்பலப்பிட்டியில் வங்கியில் வேலை செய்யும் அக்கா ஒருவர் இரண்டு தியானச் செயலிகளைப் போனில் இறக்கி வைத்திருக்கிறார், ஒன்றையும் திறப்பதில்லை. உயர்தரம் எழுதிவிட்டு இரண்டாம் முறைக்குப் படிக்கும் மருமகன், பத்து நாள் மௌன முகாமுக்குப் போய்வந்தால் கவனம் நிற்குமா என்கிறான். கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருக்கும் நண்பனோ, "மாலை உருட்டுறது தியானத்தில சேருமா சேராதா, அதை முதல்ல சொல்லு மச்சான்" என்றான்.

மூவருக்கும் மூன்று பதில் சொன்னேன். நான் ஆசிரியன் இல்லை. நாலு முறை தொடங்கி மூன்று முறை விட்டவன். எது எங்கே உடைகிறது என்பது ஓரளவு தெரியும், அவ்வளவுதான்.

## எதை வைத்துத் தெரிவு செய்வது

முதலில் உங்களுக்கு வேண்டியது கவனமா, அமைதியா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று உறவுதான், ஆனால் ஒன்றல்ல. கவனத்துக்கான பயிற்சி, மனம் விலகிப் போனதைக் கண்டுபிடித்துத் திரும்பக் கொண்டுவருவது. பத்து நிமிடத்தில் முப்பது தரம் விலகினால் முப்பது தரம் பயிற்சி கிடைத்தது என்று கணக்கு. "எனக்கு மனம் நிக்குதில்லை" என்று சொல்லி விடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். 2010இல் ஹார்வர்டைச் சேர்ந்த கிலிங்ஸ்வர்த், கில்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2,250 பேரிடம் ஐபோன் வழியாக, நாளின் எந்த நேரத்திலும் திடீரென்று "இப்போது என்ன செய்கிறீர்கள், என்ன நினைக்கிறீர்கள்" என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட 47 வீதமான வேளைகளில் மனம் செய்யும் வேலையில் இல்லை. ஆகவே அலைவது உங்கள் மனம் மட்டும் அல்ல.

அமைதிக்கு வழி வேறு. அங்கே மூச்சு மெதுவாக வேண்டும். சும்மா இருக்கும்போது பெரியவர்கள் நிமிடத்துக்குப் 12 முதல் 20 தரம் மூச்சு விடுகிறோம். அதை ஆறளவுக்கு இறக்கினால் இதயத் துடிப்பும் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கத் தொடங்குகிறது, உடம்பு தளர்கிறது.

அடுத்து, நான் மிகவும் பாரம் கொடுப்பது இதற்குத்தான்: விட்டுவிட்டால் திரும்பத் தொடங்குவது எவ்வளவு இலகு? காய்ச்சல் வரும், யாழ்ப்பாணம் போக வேண்டி வரும், கலியாண வீடு வரும். நாலு நாள் விடுபடாத மனிதர் யாரும் இல்லை. நம் ஆட்கள் ஒரு மண்டலம், 48 நாள் என்பார்கள். இன்னும் சிலர் 21 நாள் என்பார்கள். லண்டன் யூனிவர்சிட்டி கொலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு 2010இல் அச்சில் வந்தது. ஒரு சிறு பழக்கம் தானாக நடக்கும் அளவுக்கு வர 18 நாள் எடுத்தவரும் இருந்தார், போகிற போக்கைப் பார்த்தால் 254 நாள் வேண்டியவரும் இருந்தார். நடுவெண் 66. அதைவிட முக்கியமான செய்தி, ஒரு நாள் தவறியதால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை என்பது.

மிச்ச அளவுகோல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போகவர எடுக்கும் நேரத்தையும் சேர்த்து முழு நேரம் எவ்வளவு? வீட்டில் எத்தனை பேர், எவ்வளவு சத்தம்? பணம், அதிலும் கண்ணுக்குத் தெரியாமல் போகும் பணம் எவ்வளவு?

## தனியே இருந்து மூச்சை எண்ணுவது

நான் கடைசியில் வந்து நின்றது இதில்தான். அதனால் கொஞ்சம் பக்கச்சார்பு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முறை மிகச் சின்னது. கதிரையில் முதுகு சாயாமல் இருந்து, பாதம் இரண்டையும் நிலத்தில் வைக்க வேண்டும். சப்பாணி கட்ட வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. வெளிமூச்சை ஒன்று, இரண்டு என்று பத்துவரை எண்ணிவிட்டுத் திரும்ப ஒன்றிலிருந்து. எண் தவறினால், அல்லது பதினாலு பதினைந்து என்று ஓடிக்கொண்டிருந்தால், கோபப்படாமல் ஒன்றுக்கு வர வேண்டும். இதிலே ஒரு வசதி உண்டு: மனம் விலகியதை எண்ணிக்கையே காட்டிக்கொடுத்துவிடும்.

நான் வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். பல் தீட்டியதும் கேத்தலில் தண்ணீர் வைத்துவிட்டு உட்காருவேன். அது தானாக நிற்கும் கேத்தல். தண்ணீர் கொதித்து 'டிக்' என்ற பிறகும் எழும்பமாட்டேன், பத்து நிமிடத்துக்கு வைத்த மணி அடித்த பிறகுதான் பிளேன்டீ. தேத்தண்ணியை முன்னால் குடித்துவிட்டு இருந்து பார்த்தேன்; குடித்ததும் பேப்பர், பேப்பரோடு போன், அப்புறம் எங்கே தியானம்? ஒழுங்கை மாற்றினேன், நின்றது. கொழும்பில் சூரியன் வருடம் முழுக்க ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்பின்னாகவே எழும்புகிறது. குளிர்நாட்டுக்காரர்போல மார்கழிக்கு ஒரு நேரம், ஆனிக்கு ஒரு நேரம் என்று மாற்ற வேண்டியதில்லை. பழக்கம் பிடிக்க இது பெரிய உதவி.

சத்தத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். காகம், கடற்கரைப் பாதையில் ரயில், காலி வீதியில் நூறாம் நம்பர் பஸ் ஹோர்ன். எல்லாவற்றுக்கும் மேலாகப் பாண்கார ஓட்டோ. அது வாசிக்கும் பாட்டு பீத்தோவன் எழுதியது என்று எனக்குக் கன காலம் தெரியாது. முதல் மாதம் அது வந்தால் தியானம் முடிந்தது என்று எழும்பிவிடுவேன். பிறகு அதையும் ஒரு மூச்சாக எண்ணப் பழகினேன். பாட்டு தெருமுனையில் சிறிதாகக் கேட்டு, வாசலில் பெருத்து, அடுத்த ஒழுங்கைக்குள் தேய்ந்து போக நாலைந்து மூச்சு எடுக்கும். காதில் பஞ்சு வைக்க நினைத்தவனுக்கு இப்போது அது இல்லாவிட்டால் ஏதோ குறைகிறது.

மறைந்த செலவுகளில் முதலாவது, பிழையாகச் செய்தால் சொல்ல ஆள் இல்லை. இரண்டாம் முறை நான் விட்டது அப்படித்தான். மேல்மாடியில் இருந்த பெரியவர் ஒருவர் திருமூலர் கணக்கைச் சொன்னார்: உள்ளே இழுக்க 16 மாத்திரை (கண்ணிமைக்கும் நேரம் ஒரு மாத்திரை), அடக்க 64, வெளியே விட 32. எனக்கு அது கௌரவமாகப் பட்டது. மூன்றாம் நாள் தலைச்சுற்று. அது குருவின் முன்னால் படிப்படியாகப் பழகுகிற வித்தை; கேத்தல் கொதிக்கிற இடைவெளியில் செய்கிற வேலை இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர், அதிலும் பிரஷர் உள்ளவர், மூச்சை அடக்காமல் இருப்பதே நல்லது. முதல் முறை விட்டதற்குக் காரணம் இன்னும் சாதாரணம். எடுத்த எடுப்பில் அரை மணி நேரம் இருந்தேன், ஒன்பதாம் நாள் படுக்கையைவிட்டு எழும்பவில்லை.

இரண்டாவது, நுளம்பு. பல்கனியில் காற்று நல்லது என்று காலையில் இருப்பவர்கள் கவனியுங்கள். டெங்கு பரப்பும் நுளம்பு கூடுதலாகக் கடிப்பது விடிந்த பிறகும் பொழுதுபடும் முன்பும். அதாவது தியானம் செய்வோர் விரும்பும் அதே இரண்டு நேரம். உள்ளே ஃபேனுக்குக் கீழே இருங்கள்.

திரும்பத் தொடங்குவதில் இதை வெல்ல ஒன்றும் இல்லை. பத்து நாள் விட்டாலும் பதினோராம் நாள் கதிரை அங்கேயே கிடக்கும். பணம் ஒரு சதமும் இல்லை. ஆனால், சொல்லித்தர ஆள் வேண்டும், தனியே இருந்தால் பயமாக இருக்கிறது, அல்லது நித்திரை வந்துவிடுகிறது என்பவர்கள் வேறு வழியில் தொடங்குவது நல்லது.

## போனில் ஒரு செயலி

நல்லதை முதலில் சொல்கிறேன். ஒரு குரல் "இப்போது தோளைத் தளர்த்துங்கள், மனம் போய்விட்டதா, பரவாயில்லை, திரும்புங்கள்" என்று சொல்லும்போது முதல் சில வாரத்துக் குழப்பம் பாதியாகிறது. ஹெட்ஸ்பேஸ் என்ற செயலியைத் தொடங்கிய இருவரில் ஒருவரான அன்டி புடிகோம் முன்னாள் பௌத்த துறவி; சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர். இன்சைட் டைமர் என்ற இன்னொரு செயலியில் வெறும் மணியோசையோடு நேரம் வைக்கும் வசதி இலவசமாகவே இருக்கிறது. நேர்மையாகச் சொன்னால் முக்கால்வாசிப் பேருக்கு அதுவே காணும்.

இனிச் செலவு. பெயர் பெற்ற செயலிகளில் பெரும்பாலானவை இலவச நாட்கள் முடிந்ததும் அட்டையிலிருந்து டாலரில் கழிக்கும். எனக்கு நடந்தது: இலவசம் என்று போட்டேன், பத்தாம் நாள் மறந்தேன், மாத முடிவில் வருடச் சந்தா முழுதாக ரூபாயில் வந்து நின்றது. திருப்பிக் கேட்டு எழுதிய மின்னஞ்சலுக்கு அமைதியான மொழியில் ஒரு மறுப்பு வந்தது. பழி யார்மீது என்று வாதிடவில்லை. பதிவு செய்த அன்றைக்கே புதுப்பித்தலை நிறுத்திவிடுங்கள் என்பது மட்டும்.

அதைவிடப் பெரிய செலவு, கண் விழித்ததும் கையில் போன். தியானத்துக்காகத் திறந்த திரையில் குடும்பக் குழுவில் ஏழு ரோசாப்பூவும் ஏழு காலை வணக்கமும், ஒரு மரண அறிவித்தலும். பத்து நிமிடம் தியானம் செய்ய நாற்பது நிமிடம் போகும். விமானப் பயன்முறை போட்டு, தேவையான ஒலிப்பதிவை முதல் நாளே இறக்கிவைத்தால் ஓரளவு தப்பலாம்.

தொடர்ச்சியாக எத்தனை நாள் என்று காட்டும் அந்த எண்ணும் இருபக்கம் வெட்டுகிறது. 31 என்று பார்க்கச் சந்தோசம். ஒரு நாள் தவறி 0 ஆனதும், "இனி என்ன" என்று ஒரேயடியாக விட்டவர்களில் நானும் ஒருவன். அது என் மூன்றாவது விடுகை. மொழியும் யோசிக்க வேண்டியது. ஆங்கிலத்தில் வேலை செய்கிறவருக்குச் சரி. வீட்டில் அம்மாவுக்கோ மாமிக்கோ என்றால் தமிழில் வழிகாட்டும் ஒலிப்பதிவை முதலில் தேடி, குரல் பிடிக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். குரல் பிடிக்காவிட்டால் ஒன்றும் நடக்காது.

என் முடிவு: மூன்று நாலு வாரம் ஊன்றுகோலாக வைத்திருங்கள், பிறகு மணியை மட்டும் வைத்துக்கொண்டு குரலை நிறுத்துங்கள்.

## மாலையும் மந்திரமும்

நண்பனின் கேள்விக்குப் பதில்: சேரும். 2001இல் இத்தாலியரான லுசியானோ பெர்னார்டியும் குழுவினரும் பிரித்தானிய மருத்துவ இதழில் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். 23 ஆரோக்கியமான ஆட்கள். ஒரு தரம் கத்தோலிக்கச் செபமாலையை லத்தீனில் சொன்னார்கள், இன்னொரு தரம் ஒரு யோக மந்திரத்தைச் சொன்னார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறுக்கு வந்து நின்றது. யாரும் அவர்களை மெதுவாக மூச்சு விடச் சொல்லவில்லை. சொற்களின் நீளம் அந்த வேலையைச் செய்துவிட்டது. ஆள் எண்ணிக்கை சின்னதுதான். என்றாலும் பாட்டி ஏன் செபம் முடித்து எழும்பும்போது அவ்வளவு நிதானமாக இருந்தா என்பதற்கு இது ஒரு காரணம் சொல்கிறது.

கணக்காகப் பார்ப்போம். மூச்சை மெதுவாக இழுத்து, வெளியே விடும்போது 'நமசிவாய' என்றால் ஒரு சுற்றுக்குப் பத்து வினாடி வைக்கலாம். 54 மணிக்கு ஒன்பது நிமிடம். 108 மணி மாலையில் அரைவாசி. கத்தோலிக்க வீடுகளில் தொடக்கத்து மூன்றும் ஐந்து பத்து மணிகளும் சேர்த்து 53 மங்கள வார்த்தை செபங்களைச் சொல்ல இருபது நிமிடம் அளவில் போகும். நேரம் இல்லாத நாளில் ஒரு பத்து மணி போதும். தஸ்பீஹ் என்ற மணிமாலை வைத்திருக்கும் முஸ்லிம் சகோதரர்களுக்கு 33 என்பது ஏற்கெனவே கைக்குப் பழகிய அளவு. ஆக, நிமிடம் பார்க்கக் கடிகாரமே வேண்டாம், விரல் சொல்லிவிடும். போனும் வேண்டாம். சனம் நிறைந்த வீட்டில் சாமியறையில் நிற்கிறவரை யாரும் கூப்பிடமாட்டார்கள் என்ற பாதுகாப்பு வேறு. "தியானம் செய்றன்" என்றால் கதவைத் தட்டும் வீடு, "சாமி கும்பிடுறன்" என்றால் தட்டாது.

குறை எங்கே? வாய் ஒரு பக்கம் ஓடும், மனம் சில்லறைக் கணக்குப் பார்க்கும். மூச்சு எண்ணுவதில் எண் தவறினால் தெரிந்துவிடும். பழகிய மந்திரம் தவறவே தவறாது, அதனால் விலகியது தெரியாமலே 108 முடிந்துவிடும். அமைதி கிடைத்திருக்கும், கவனப் பயிற்சி குறைவாகத்தான் நடந்திருக்கும். இன்னொன்று, மாலை கையில் வந்ததும் வேண்டுதல் பட்டியலும் கூடவே வரும். மகனின் விசா, தங்கச்சியின் கலியாணம், வாடகை. பட்டியலை முதலில் சொல்லி முடித்துவிட்டு மாலையை எடுங்கள் என்று ஒரு அம்மா சொன்னா. எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது.

வீட்டில் இடமே இல்லை என்றால் கோயில். கொட்டாஞ்சேனை பொன்னம்பலவாணேசர் கோயில் முழுக்கக் கருங்கல். சனம் குறைந்த நேரத்தில் வெளிப் பிரகாரத்துத் தூணடியில் இருந்தால் கல்லின் குளிர் முதுகு வழியாக ஏறும். பிரதோசத்தில் போய் அமைதி தேடாதீர்கள்.

## வகுப்பும் பத்து நாள் முகாமும்

பர்மாவில் பிறந்த எஸ். என். கோயங்காவின் வழியில் நடக்கும் விபஸ்ஸனா என்ற பௌத்தத் தியான முகாம்கள் இலங்கையிலும் உண்டு. பேராதனைப் பக்கம் ஹிந்தகலையிலும், அவிசாவளைப் பக்கம் கொஸ்கமவிலும் நிலையங்கள் இருக்கின்றன. கட்டணம் இல்லை, முடித்தவர்கள் விரும்பிக் கொடுப்பதில் நடக்கிறது. புதியவர் முழுப் பத்து நாளும் இருக்க வேண்டும். அதிகாலை நாலு மணிக்கு எழும்ப வேண்டும், பேச்சு இல்லை, போன் இல்லை. தெல்கொட பக்கம் கந்துபொட நிலையம் வயிற்றின் ஏற்ற இறக்கத்தைக் கவனிக்கும் மகாசி முறைக்குப் பேர்பெற்றது.

கட்டணம் இல்லை என்பதால் செலவு இல்லை என்று நினைக்கக் கூடாது. போகும் நாளும் திரும்பும் நாளும் சேர்த்தால் பன்னிரண்டு நாள். புதன் போய் மற்றக் கிழமை கழித்து ஞாயிறு வந்தால் எட்டு வேலை நாள். கடை, அலுவலகச் சட்டத்தின்படி கிடைக்கும் வருட லீவு 14 நாளில் அரைவாசிக்கு மேல் போயிற்று. முடிந்து வரும்போது சொல்லிவிடுவது காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம். பத்து நிமிடப் பழக்கம் தேடுகிறவருக்கு இது வேறு அளவு. வந்த இரண்டு கிழமை மணிக்கணக்காக இருந்துவிட்டு, முடியாமல் போனதும் பத்து நிமிடமும் இல்லாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். முழு விருந்து சாப்பிட்டவருக்கு ஒரு பிடி சோறு சோறாகத் தெரிவதில்லை.

நகரத்துக்குள் கிழமைக்கு ஒரு வகுப்பு என்றால் பிழை திருத்த ஆள் கிடைக்கும், கூட்டத்தோடு இருக்கும் தெம்பும் கிடைக்கும். ஆனால் மாலை ஐந்தரைக்குக் காலி வீதியைக் கடந்து ஒரு மணி நேர வகுப்புக்குப் போய்வர இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டோக் காசைத் தனியாக. போகும் முன் எந்த மொழியில் சொல்லித்தருகிறார்கள் என்று கேளுங்கள். சிங்களம் நன்றாகத் தெரிந்தவருக்குக்கூட, கண்ணை மூடியிருக்கும்போது காதில் விழும் சொல்லை மனதுக்குள் மொழிபெயர்ப்பது ஒரு தனி வேலை. பௌத்த நிலையம் என்று தயங்குகிறவர்களும் இருக்கிறார்கள். மூச்சைக் கவனிப்பதில் மதம் இல்லை என்று வாதாடலாம்தான். ஆனால் தயக்கத்தோடு போய் இருந்தால் மனம் தயக்கத்தைத்தான் கவனிக்கும். அப்படியானால் போகாதீர்கள்.

## நடையும் ரயிலும்

இருக்கவே முடியாதவர்களுக்கு இது. சுதந்திர சதுக்கத்தைச் சுற்றி விடியக்காலை நடப்பவர்களில் காதில் ஒன்றும் மாட்டாமல் பாதத்தை மட்டும் கவனித்து நடக்கிறவர் யாராவது இருந்தால், அவர் செய்வதும் இதுதான். வெள்ளவத்தையில் ரயில் ஏறிக் கடல் பக்கம் நின்றால் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, செயலகம், கோட்டை. ஒரு தரிப்பிடத்திலிருந்து அடுத்ததுவரை மூச்சு, நின்றதும் ஓய்வு. கண்ணைத் திறந்து வைத்திருங்கள், பணப்பையை முன்பக்கம் வைத்திருங்கள்.

## ஒரே பார்வையில்

| | கவனத்துக்கு | அமைதிக்கு | உண்மையான நேரம் | கண்ணுக்குத் தெரியாத செலவு | விட்டபின் திரும்ப |
|---|---|---|---|---|---|
| தனியே மூச்சு | மிக நல்லது | நல்லது | 10 நிமிடம் | திருத்த ஆள் இல்லை | மிக இலகு |
| செயலி | நல்லது | நல்லது | 10, கவனமில்லாவிட்டால் 40 | டாலர் சந்தா, போன் மோகம் | 0 என்ற எண் தடுக்கும் |
| மாலை, மந்திரம் | நடுத்தரம் | மிக நல்லது | 9 முதல் 20 நிமிடம் | இயந்திரம்போல ஓடுவது | இலகு |
| வகுப்பு, முகாம் | மிக நல்லது | ஆளைப் பொறுத்தது | இரண்டரை மணி, அல்லது 12 நாள் | லீவு, ஓட்டோ, மொழி | கடினம் |
| நடை, ரயில் | நடுத்தரம் | நல்லது | கூடுதலாக ஒன்றும் இல்லை | மழை, நெரிசல் | இலகு |

அட்டவணையில் அடங்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். கண்ணை மூடியதும் பழைய காட்சிகள் வந்து நெஞ்சு அடைக்கிறவர்கள் நம்மிடையே குறைவில்லை. எந்த ஊரிலிருந்து, எந்த வருடத்தில் கொழும்புக்கு வந்தார்கள் என்று கேட்டாலே விளங்கும். அவர்களுக்குக் கண் மூடிய மௌனம் மருந்தல்ல, நீண்ட முகாம் அறவே வேண்டாம். கண் திறந்த நடை, வாய்விட்டுச் சொல்லும் மந்திரம் பரவாயில்லை. அப்போதும் தொந்தரவு செய்தால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் பேசுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

மருத்துவமனைகளில் பேசப்படும் பெரிய பலன்களைப் பத்து நிமிடத்தில் எதிர்பார்க்கவும் வேண்டாம். 1979இல் ஜோன் கபாட்-சின் அமெரிக்காவில் தொடங்கிய பயிற்சி எட்டு வாரம், நாளுக்கு முக்கால் மணி நேரம் அளவில். அது வேறு கடை, வேறு சாமான்.

## அந்த மூவருக்கும் சொன்னது

வங்கி அக்காவுக்கு: இரண்டு செயலியையும் அழியுங்கள் என்றேன். அவர் தேடுவது அமைதி, காலையில் வீட்டில் இரண்டு பிள்ளைகள். எட்டு மணிக்கு அலுவலக நாற்காலியில் இருந்து, கணினியைத் தட்டும் முன் ஐந்து நிமிடம் மெதுவாக மூச்சு விடச் சொன்னேன். "ஆக்கள் பாப்பினமே" என்றார். திரையைப் பார்த்தபடியே செய்யலாம், யாருக்கும் தெரியாது.

மருமகனுக்கு: பரீட்சைக்கு முன் பன்னிரண்டு நாளை எங்கும் கொடுக்காதே. படிக்க இருக்கும் அதே கதிரையில், புத்தகத்தைத் திறக்கும் முன் பத்து மூச்சு எண்ணு. ஒரு வாரம் தவறாமல் நடந்தால் இருபது. போன் அம்மாவிடம் இருக்கட்டும். இதில் கடைசி வரிதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

கடைக்கார நண்பன் ஷட்டர் திறந்து, சாம்பிராணி காட்டி, முதல் ஆள் வருமுன் அரை மாலை உருட்டுகிறான். போன கிழமை கேட்டான், இடையில் ஒரு ஆள் வந்து சீனி கேட்டால் விட்ட மணியிலிருந்து தொடங்குவதா, முதலிலிருந்தா என்று. விட்ட மணியை விரலால் பிடித்துக்கொண்டே ஒற்றைக் கையால் சீனி நிறுக்க முடியுமா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.